பழைய ராக் ஆல்பத்தையும் அதன் ரீமாஸ்டர் பதிப்பையும் ஒப்பிட்டுக் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே ஆல்பத்தின் இரண்டு சிடிகள் கையில் இருக்கின்றன. ஒன்று 1980களில் அச்சான பழைய பதிப்பு. மற்றொன்று 'ரீமாஸ்டர்' என்ற ஒட்டுச்சீட்டுடன் வந்த மறுவெளியீடு. எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியோடு கோத்தகிரியில் உள்ள என் அறைக்குக் குன்னூரிலிருந்தும் அரவங்காட்டிலிருந்தும் நண்பர்கள் வருவதுண்டு. பெரும்பாலோர் இரண்டையும் அடுத்தடுத்து இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டு, "அண்ணே, புதுசுலதான் பேஸ் நல்லா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேநீருக்குக் காத்திருப்பார்கள். புதிய சிடி உரக்க ஒலிக்கிறது என்பதற்கு மேல் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை.

கீழே உள்ள படிகளை அவை எழுதப்பட்டுள்ள வரிசையிலேயே செய்ய வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கெடுக்கும் விதத்தில் இவை ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை; ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

சிடி டிரைவ் உள்ள கணினி ஒன்று வேண்டும். இப்போதைய மடிக்கணினிகளில் டிரைவ் இருப்பதில்லை என்பதால், யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் போதும். மென்பொருள்கள் மூன்று: சிடியிலிருந்து பாடலைப் பிழையின்றி எடுக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, வெட்டவும் அளக்கவும் ஆடாசிட்டி, மறைத்து வைத்துக் கேட்க ஃபூபார்2000 மற்றும் அதனுடன் தனியாகச் சேர்க்க வேண்டிய ஏபிஎக்ஸ் இணைப்பு. மூன்றையும் வீட்டு உபயோகத்துக்குக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

ஹெட்ஃபோன் கம்பி உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்ஃபோன் ஒலியை மீண்டும் ஒருமுறை சுருக்கி அனுப்புகிறது. பல மாடல்கள் தாமாகவே ஒலிநிறத்தையும் திருத்துகின்றன. இரண்டு பதிப்புகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாட்டைத் தேடும்போது நடுவில் மூன்றாவது கை புகுவதை நாம் விரும்பமாட்டோம். விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. அதற்காகச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தில் இன்னும் நான்கு பழைய சிடிகள் வாங்கலாம்.

ஒரு குறிப்பேடும் பேனாவும் கட்டாயம் வேண்டும். நினைவை நம்பி ஒப்பிட்டவர் எவரும் ஒரு வாரம் கழித்து அதே முடிவைச் சொன்னதை நான் பார்த்ததில்லை.

ஸ்ட்ரீமிங் செயலியில் உள்ள பதிப்பை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டாம் என்பது என் அறிவுரை. செயலி தானாகவே எல்லாப் பாடல்களின் உரப்பையும் ஓர் அளவுக்குக் கொண்டுவரும் வசதி பெரும்பாலும் முன்னரே இயக்கப்பட்டிருக்கும். ஸ்பாட்டிஃபையில் இந்த இயல்பான அளவு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் உரப்பை அளக்கும் அலகு). அதோடு, இன்று கேட்ட மாஸ்டரிங்கே நாளையும் அதே தலைப்பின் கீழ் இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

2. நேரமும் அறையும்

நீலகிரியில் பல வீடுகளுக்குத் தகரக் கூரை. மழை பெய்யும்போது அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து, பாடல் தேய்ந்து மறையும் கடைசி ஐந்து நொடிகளை ஒப்பிடுவது வீண் வேலை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்கு ஐப்பசியும் கார்த்திகையும் மழைமாதங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஆனியும் ஆடியும். மற்ற மாதங்களில் விடியற்காலை சிறந்தது. இரவு அமைதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள், தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை இறங்கினால் தெருநாய்கள் அடங்க எவ்வளவு நேரமாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் இன்னொரு கவனம் தேவை. தை மாதக் காலையில் இருசக்கர வண்டியின் பையில் கொண்டுவந்த சிடியை, வெதுவெதுப்பான ஈரக்காற்று நிறைந்த அறைக்குள் எடுத்த உடனே டிரைவில் போடக் கூடாது. குளிர்ந்த பரப்பில் ஈரம் படியும். லேசர் படிப்பது தடுமாறும். அரைமணி நேரம் பெட்டியோடு மேசை மேல் வைத்திருங்கள். மேட்டுப்பாளையத்தின் வெயிலிலிருந்து மலையேறி வந்த தட்டுக்குத்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது: சூடான பொருளின் மேல் குளிர்காற்றின் ஈரம் படியாது.

3. கையில் இருப்பவை எவை என்று உறுதிசெய்தல்

புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுவே. இதில் தவறினால் பின்னால் செய்யும் அனைத்தும் இரண்டு வேறு பொருள்களை ஒப்பிடுவதாக முடியும்.

ஐந்து சொற்களைப் பிரித்தறிய வேண்டும். மிக்ஸ் என்பது குரல், கிட்டார், டிரம்ஸ் எனத் தனித்தனியே பதிவான தடங்களை ஒன்றாகக் கலந்த வடிவம். மாஸ்டரிங் என்பது அவ்வாறு கலந்து முடித்த டேப்பை எடுத்து, ஒலிநிறத்தையும் உரப்பையும் திருத்தி வெளியீட்டுக்கு ஆயத்தமாக்குவது. ரீமாஸ்டர் என்றால் பழைய கலவையே இருக்க, இந்த இரண்டாவது வேலை மட்டும் மீண்டும் நடந்திருக்கிறது என்று பொருள். ரீமிக்ஸ் என்றால் தடங்களிலிருந்தே மீண்டும் கலந்திருக்கிறார்கள். வெறும் மறுவெளியீடு என்றால் பழைய மாஸ்டரையே புதிய அட்டையில் போட்டிருக்கவும் கூடும்.

பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் சிடி 1987இல் வந்தது, ரீமாஸ்டர் 2009இல் வந்தது, கைல்ஸ் மார்ட்டின் மீண்டும் கலந்த பதிப்பு 2017இல் வந்தது. 1987ஐயும் 2009ஐயும் ஒப்பிட்டால் மாஸ்டரிங் வேறுபாடு தெரியும். 2009ஐயும் 2017ஐயும் ஒப்பிட்டால், குரல் நின்ற இடமே மாறியிருப்பதால், மாஸ்டரிங்கைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது. பழைய சிடி என்றால் பழைய கலவைதான் என்ற நம்பிக்கையும் எல்லா இடத்திலும் செல்லாது: 'ஹெல்ப்', 'ரப்பர் சோல்' ஆகிய இரண்டின் 1987 சிடிகளுக்கு அக்குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஸ்டீரியோவைப் புதிதாகக் கலந்தே கொடுத்தார். 2009இல் ஒரே நாளில் வெளியான தொகுப்புகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஸ்டீரியோ பதிப்புகளில் லிமிட்டர், அதாவது உச்சங்களை அமுக்கி மொத்த உரப்பை உயர்த்த உதவும் கருவி, சிறிதளவு பயன்பட்டது. மோனோ தொகுப்பில் அது பயன்படவில்லை. ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' ஆல்பத்துக்கும் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்துக்கும் ஸ்டீவன் வில்சன் செய்தவை ரீமிக்ஸ்கள். அவற்றை ரீமாஸ்டர் என்று சொல்லி விற்பவரிடம் சண்டை போட வேண்டாம், குறிப்பேட்டில் சரியாக எழுதிக்கொண்டால் போதும்.

அட்டையில் அச்சாகியுள்ள ஆண்டை நம்புவது பொதுவான பிழை. வட்டத்துக்குள் 'பி' எழுத்துடன் வரும் ஆண்டு பதிவின் உரிமையைக் குறிப்பது; மாஸ்டரிங் நடந்த ஆண்டை அது சொல்வதில்லை. சிடியைத் திருப்பி, நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் பொறித்துள்ள மேட்ரிக்ஸ் எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே அட்டைக்குள் வெவ்வேறு மேட்ரிக்ஸ் எண் கொண்ட தட்டுகள் இருப்பது அரிதல்ல. பழைய சிடிக் குவியல்களில் பெட்டிகளும் தட்டுகளும் மாறிப்போவது அதைவிடச் சாதாரணம்.

4. கணினிக்குள் எடுத்தல்

முதலில் தட்டைத் துடையுங்கள். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமாக விழும் கீறல் பதிவுத் தடத்தின் வழியே நீளமாக ஓடும் என்பதால், பிழைதிருத்தும் ஏற்பாட்டால் அதை ஈடுகட்ட முடியாமல் போகும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு பகுதியை மட்டுமே மறைக்கும்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பியைப் பாதுகாப்பு முறையில் வைத்து, ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக் கோப்பாக எடுங்கள். எம்பி3 வேண்டாம், அது தன் பங்குக்குச் சிலவற்றை நீக்கிவிடும், அந்த இழப்பு எந்தப் பதிப்பினுடையது என்று பின்னர் பிரித்தறிய முடியாது. உரப்பைச் சமன்செய்யும் 'நார்மலைஸ்' வசதி அமைப்புகளில் இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். சமன்செய்யும் வேலை ஆறாம் படியில் வருகிறது. அதை இங்கே மென்பொருள் நமக்குத் தெரியாமல் செய்துவிட்டால் பதிப்பின் உண்மையான அளவு தொலைந்துபோகும்.

எடுத்து முடித்ததும் மென்பொருள் தரும் பதிவறிக்கையில் ஒவ்வொரு பாடலின் உச்ச அளவும் சதவீதமாக இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள்; அதுவே பதிப்பின் கைரேகை. இரண்டு சிடிகளிலும் எல்லாப் பாடல்களின் உச்ச அளவும் புள்ளி பிசகாமல் ஒத்திருந்தால், அட்டை எதைச் சொன்னாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே மாஸ்டர்தான். இந்த இடத்திலேயே ஒப்பீடு முடிந்துபோன ஜோடிகள் என் குறிப்பேட்டில் உண்டு.

ஆரம்பகாலச் சிடிகளில், குறிப்பாக ஜப்பானில் அச்சான சிலவற்றில், ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற ஏற்பாடு இருக்கும். உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே உயர்த்திப் பதிந்து, கேட்கும்போது பிளேயர் அதைத் தாழ்த்திக்கொள்ளும் முறை அது. சிடி பிளேயர் இதைத் தானாகவே செய்துவிடும். கணினிக்குள் எடுத்த கோப்பில் அந்தத் தாழ்த்தல் நடந்திருக்காது. அதனால் பழைய பதிப்பு தகரத்தில் ஆணி உரசுவதுபோல் கூர்மையாக ஒலிக்க, கேட்பவர் ரீமாஸ்டரே இதமானது என்று முடிவு செய்துவிடுவார். ஒரே தட்டு பிளேயரில் இயல்பாகவும் கோப்பில் கூர்மையாகவும் ஒலித்தால் இதைச் சந்தேகியுங்கள். சாக்ஸ் என்ற இலவசக் கருவியில் இதைச் சரிசெய்யும் கட்டளை உள்ளது. அதை முடித்த பிறகே அடுத்த படி.

5. ஒப்பிடும் பகுதியை வெட்டியெடுத்தல்

முழுப் பாடலை ஒப்பிடாதீர்கள். ஒலியின் நுண்விவரத்தைக் காது சில நொடிகளுக்கு மேல் நினைவில் வைத்திருப்பதில்லை. ஐந்து நிமிடப் பாடலைக் கேட்டுவிட்டு அடுத்த பதிப்பின் தொடக்கத்தை முந்தையதன் தொடக்கத்தோடு ஒப்பிடுவது, கடந்த மாதம் குடித்த தேநீரை இன்றைய தேநீரோடு ஒப்பிடுவது போன்றது.

ஒவ்வொன்றும் 20 முதல் 30 நொடி வரை இருக்கும்படி மூன்று துண்டுகள் எடுக்கிறேன். தனிக் கிட்டாரோ குரலோ மட்டும் உள்ள மெல்லிய இடம் ஒன்று. டிரம்ஸும் பேஸும் முழுவீச்சில் உள்ள இடம் இரண்டாவது. பாடல் தேய்ந்து மறையும் முடிவு மூன்றாவது. முதல் துண்டில் டேப்பின் இரைச்சலும் அறையின் எதிரொலியும் தெரியும், இரண்டாவதில் லிமிட்டரின் வேலை தெரியும், மூன்றாவதில் இரைச்சல் நீக்கம் நடந்திருக்கிறதா என்பது தெரியும்.

இரண்டு பதிப்பிலும் துண்டு ஒரே நொடியில் தொடங்க வேண்டும். ஆடாசிட்டியில் இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, ஒரு டிரம் அடியின் முனையை அடையாளமாகக் கொண்டு நகர்த்துங்கள். தொடக்கத்தில் பொருந்தியவை முடிவில் விலகினால், டேப் ஓடிய வேகம் இரண்டிலும் சற்றே வேறுபட்டிருக்கிறது. அந்த வேறுபாட்டைத் திருத்த முயலாமல், துண்டை இன்னும் சிறிதாக்குங்கள்.

6. உரப்பைச் சமன்செய்தல்

வழிகாட்டியின் பிற பகுதிகளைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது படிக்க வேண்டும்.

மனிதக் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை என்பதையும், உரப்பு குறையும்போது தாழ்ந்த சுருதி ஒலிகள் பிறவற்றைவிட வேகமாகக் காதுக்கு மங்குகின்றன என்பதையும் ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933இலேயே அளந்து வெளியிட்டார்கள். ஒரே பதிவைச் சற்று உரக்க ஒலிக்கவிட்டாலே பேஸ் கூடியதுபோலவும், இதுவரை கேட்காத விவரங்கள் வெளிப்பட்டதுபோலவும் தோன்றுவது இதனால்தான். ஒரு டெசிபெல் வேறுபாட்டைக் கேட்பவர் 'உரப்பு கூடியிருக்கிறது' என்று அடையாளம் காணமாட்டார். 'ஒலி தெளிவாக இருக்கிறது' என்றே சொல்வார். 1990களுக்குப் பின் வந்த ரீமாஸ்டர்களில் பல, பழைய சிடியைவிடப் பல டெசிபெல் கூடுதலான உரப்பில் வந்தவை என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், சமன்செய்யாத ஒப்பீட்டில் பழைய பதிப்பு ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது என்பது விளங்கும்.

செய்யும் முறை இது. வெட்டிய துண்டை ஆடாசிட்டியில் திறந்து, எஃபெக்ட் பட்டியலில் உள்ள 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' கட்டளையைத் தேர்ந்து, இலக்காக மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் கொடுங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் 2010இல் ஏற்ற அதே அளவு இது. இரண்டு பதிப்பின் துண்டுகளுக்கும் ஒரே இலக்கைக் கொடுத்து, 24 பிட் ஃபிளாக் கோப்பாகச் சேமியுங்கள். பழைய துண்டு மைனஸ் 19இலும் புதியது மைனஸ் 11இலும் இருந்தால், முன்னது 4 டெசிபெல்லும் பின்னது 12 டெசிபெல்லும் இறங்கி இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்.

இலக்கை ஏன் இவ்வளவு தாழ்வாக வைக்கிறோம்? பெரும்பாலான ராக் பதிவுகள் இதைவிட உரத்தவை என்பதால், எந்தத் துண்டையும் உயர்த்த வேண்டியிருக்காது. தாழ்ந்ததை உயர்த்தினால் அதன் உச்சங்கள் டிஜிட்டல் வரம்பில் முட்டி வெட்டுப்படும்; பழைய பதிப்பின் சிறப்பே அந்த உச்சங்களாக இருக்கக்கூடும். மெல்லிய துண்டு ஒன்று மைனஸ் 23க்கும் கீழே இருந்தால், இரண்டுக்கும் இலக்கை மைனஸ் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். உரத்ததைத் தாழ்த்துங்கள், தாழ்ந்ததை உயர்த்தாதீர்கள்.

இந்தப் படியில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதலாவது, உச்ச அளவை வைத்துச் சமன்செய்வது. இரண்டு சிடியின் உச்சமும் வரம்பைத் தொட்டிருந்தாலும் அவற்றின் சராசரி உரப்பு வெகுவாக வேறுபடும் என்பதால், உச்சத்தைச் சமப்படுத்தியவர் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார். இரண்டாவது, ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பிக் காதால் சமன்செய்வது. 0.2 டெசிபெல்லுக்குள் வராத சமன் சமனே அல்ல. அந்த நுட்பம் கைக்கு வராது.

மூன்றாவது நுட்பமானது. முழுப் பாடலின் சராசரியை வைத்துச் சமன்செய்துவிட்டு, மெல்லிய துண்டை மட்டும் ஒப்பிடுகிறார்கள். கம்ப்ரஷன் செய்த பதிப்பில் மெல்லிய இடங்கள் மேலேறியும் உரத்த இடங்கள் அமுங்கியும் இருக்கும். ஆகவே முழுப் பாடலின் சராசரி ஒன்றாக இருந்தும், அந்த மெல்லிய துண்டில் புதிய பதிப்பு உரத்தே ஒலித்து மீண்டும் வென்றுவிடும். வெட்டிய பிறகே சமன்செய்ய வேண்டும் என்று ஐந்தாம் படியை இதற்கு முன் வைத்ததன் காரணம் இதுவே.

7. மறைத்து வைத்துக் கேட்டல்

ஆடாசிட்டியில் வெட்டும்போது அலைவடிவம் கண்ணில் படத்தான் செய்யும். ஆனால் அதை ஆராய உட்காராதீர்கள். செங்கல் போல் நிரம்பிய அலைவடிவத்தை உற்றுப் பார்த்தவர், கேட்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறார். கண் சொன்னதையே காது திருப்பிச் சொல்லும். இதற்கு நானும் விதிவிலக்கல்ல: ஒரு முறை ஒரே கோப்பை இரண்டு இடத்திலும் தவறுதலாக ஏற்றிவிட்டு, அரைமணி நேரம் 'வேறுபாடுகளை' ஒரு பக்க அளவுக்கு எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஃபூபார்2000இல் இரண்டு துண்டுகளையும் தேர்ந்து ஏபிஎக்ஸ் இணைப்பைத் திறந்தால், ஏ, பி ஆகிய இரண்டோடு, அவற்றில் எது என்று சொல்லாமல் எக்ஸ் என்ற ஒன்றையும் அது ஒலிக்கும். எக்ஸ் எது என்று கண்டுபிடிப்பதே வேலை. 16 முறை செய்யுங்கள். நாணயத்தைச் சுண்டிப் பதில் சொன்னாலே சராசரியாக 8 சரியாக வந்துவிடும்; 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவது வெறும் ஊகத்தில் 100க்கு 4 தடவை கூட நிகழாது. எனவே 12ஐ எட்டினால் வேறுபாடு உண்மையிலேயே காதுக்குத் தெரிகிறது என்று கொள்ளலாம்.

எட்டவில்லை என்றால் வெட்கப்பட ஏதுமில்லை. இரண்டில் மலிவானதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம்.

வேறுபாடு தெரிகிறது என்று உறுதியான பிறகே எது பிடித்திருக்கிறது என்ற கேள்விக்கு வர வேண்டும். பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். ஒரே அமர்வில் 20 நிமிடத்துக்கு மேல் கேட்காதீர்கள். களைத்த காது எல்லாவற்றையும் ஒன்றுபோலவே சொல்லும். இடையில் எழுந்து தோட்டத்தில் நடந்துவிட்டு வாருங்கள்.

8. எவற்றைக் கவனிப்பது

ஸ்நேர் டிரம்மின் அடியைக் கவனியுங்கள். லிமிட்டர் கடுமையாக வேலை செய்த பதிப்பில், குச்சி தோலில் படும் முதல் கணம் மழுங்கி, அடி இசைக்குள்ளேயே புதைந்து நிற்கும். சமன்செய்த உரப்பில் இது வியக்கத்தக்க தெளிவோடு கேட்கும். முன்பு 'வலிமையாக' ஒலித்த அதே பதிப்பு இப்போது தட்டையாகத் தோன்றுவதைக் கண்டு நண்பர்கள் ஹெட்ஃபோன் பழுதாகிவிட்டதா என்று கேட்டதுண்டு.

சிம்பலின் ஒலி தேய்ந்து மறையும் வாலைப் பின்தொடருங்கள். பாடல் முடிவில் டேப்பின் இரைச்சல் இசையோடு சேர்ந்து இறங்குகிறதா, அல்லது திடீரென்று கத்தரித்ததுபோல் மறைகிறதா என்று பாருங்கள். 1960கள், 70களின் பதிவில் இரைச்சல் இருப்பது குறையல்ல. அதை நீக்கும் வடிகட்டி, ஸ்டுடியோ அறையின் எதிரொலியிலும் ஒரு பங்கைச் சேர்த்தே கொண்டுபோகும். துளி இரைச்சலும் இல்லாத பழைய பதிவைக் கேட்டால் எனக்குப் பாராட்டுக்கு முன்னால் சந்தேகம்தான் வருகிறது.

குரலில் 'ஸ', 'ச' ஓசைகள் குத்துகின்றனவா என்பது மூன்றாவது கவனம். ஈக்வலைசரில் உயர் அதிர்வெண்களை உயர்த்திய பதிப்பு முதல் நிமிடத்தில் பளிச்சென்றும், பத்தாவது நிமிடத்தில் எரிச்சலாகவும் இருக்கும். ஆகவே துண்டுகளைக் கேட்டு முடித்தபின் ஒவ்வொரு பதிப்பிலும் பழைய இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம் அளவுக்கு, ஏறத்தாழ 20 நிமிடம், வெவ்வேறு நாளில் கேட்டுப் பாருங்கள்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு ரீமாஸ்டர் என்றாலே ஒதுக்க வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 1980களின் சிடிகள் சிலவற்றுக்கு மூல டேப் கிடைக்காமல், அதன் நகலின் நகலிலிருந்தோ, இசைத்தட்டு வெட்டுவதற்கென்று பேஸைக் குறைத்துத் தயாரித்த டேப்பிலிருந்தோ எடுத்தார்கள். பின்னால் வந்த ரீமாஸ்டருக்கு முதல் டேப் கிடைத்திருந்தால், கிட்டாரின் கம்பியும் விரலும் தனித்தனியே தெரியும் அளவுக்குத் தெளிவு கூடியிருக்கும். எந்தச் சமன்செய்தலும் அந்த மேன்மையை மறைக்காது. ரஷ் குழுவின் 'வேப்பர் டிரெயில்ஸ்' இன்னொரு வகை: 2002இல் அளவு மீறிய உரப்பில் வந்து குறைகூறப்பட்ட அந்த ஆல்பம் 2013இல் மீண்டும் கலக்கப்பட்டபோது மூச்சுவிட இடம் கிடைத்தது. எதிர்த்திசையில், ஸ்டூஜஸின் 1973 ஆல்பமான 'ரா பவர்' 1997இல் அக்குழுவின் பாடகர் இக்கி பாப்பின் கையால் மீண்டும் கலக்கப்பட்டு, ராக் சிடிகளிலேயே மிக உரத்தவற்றில் ஒன்றாகப் பெயர் வாங்கியது. 'ரீமாஸ்டர்' என்ற சொல்லை வைத்து இவற்றில் எதையும் முன்கூட்டியே கண்டிருக்க முடியாது.

9. இப்போது அளவிடுதல்

காது தன் வேலையை முடித்துவிட்டதால் இனி எண்களைப் பார்க்கலாம். ஒரு கவனம்: அளவிடுதலைச் சமன்செய்த துண்டில் செய்யாமல், நான்காம் படியில் எடுத்த மூலக் கோப்பில் செய்ய வேண்டும். வெட்டுப்பட்ட உச்சத்தைத் தாழ்த்திய பின், அது வரம்பைத் தொடுவதில்லை. ஆடாசிட்டியின் வெட்டுக்காட்டும் சிவப்புக் கோடும் அங்கே தோன்றாது.

அலைவடிவத்தைப் பெரிதாக்கி, உச்சிகள் கூம்பாக உள்ளனவா, கத்தியால் சீவியதுபோல் தட்டையாக உள்ளனவா என்று பாருங்கள். பிறகு ஃபூபார்2000இல் டைனமிக் ரேஞ்ச் மீட்டர் இணைப்பால் ஆல்பத்தின் டிஆர் எண்ணைப் பெறுங்கள். உச்சத்துக்கும் உரத்த பகுதிகளின் சராசரிக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லும் எண் அது. பழையது 13, புதியது 8 என்றால் கம்ப்ரஷன் மிகுந்திருக்கிறது. ஆனால் 12க்கும் 11க்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டு வாதாடுவது நேரவிரயம். அந்த எண் ஒலிநிறத்தைப் பற்றியோ டேப் மூலமா நகலா என்பதைப் பற்றியோ ஒன்றும் சொல்வதில்லை.

உயர் தெளிவுக் கோப்பு என்று 96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் வாங்கியவர்கள், அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் திறந்து பார்க்கட்டும். 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சுவர் எழுப்பியதுபோல் எல்லாம் நின்றுவிட்டால், அது சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை ஊதிப் பெரிதாக்கியதாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. உண்மையான 96 என்றாலும், லிமிட்டர் சீவிய உச்சி திரும்பி வராது.

10. இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு

இசைத்தட்டைப் பதிந்து ஒப்பிடலாம், படிகள் இவையே. டிஆர் எண்ணை மட்டும் அங்கே நம்ப வேண்டாம். ஒரே டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து சிடியும் தட்டும் செய்தாலும், வெட்டும்போதும் ஊசி படிக்கும்போதும் அலையின் கட்டம் மாறுவதால், தட்டின் எண் சில புள்ளிகள் கூடுதலாகவே காட்டும்.

மலைக்குளிரில் ஊசியைத் தாங்கும் ரப்பர் இறுகிவிடும். ஊசி வரியைச் சரியாகப் பின்பற்றாமல் 'ஸ' ஓசைகள் கரகரக்கும். அறை சற்று வெதுவெதுப்பான பிறகு, ஒரு பக்கத்தை வெறுமனே ஓடவிட்டு, அதன்பின் பதியத் தொடங்குங்கள். ஈரம் போகட்டும் என்று தட்டுகளை ஹீட்டருக்கு அருகில் அடுக்கி வைக்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. அப்படி வைத்து அப்பளம்போல் வளைந்த தட்டுகளை என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அவற்றைத் திரும்ப நேராக்க எனக்கு வழி தெரியாது. பூஞ்சை பிடித்த உள்ளுறையை மட்டும் தூக்கியெறிந்து புதிய உறை போட்டால் போதும், அட்டையைத் துடைத்து வைத்துக்கொள்ளலாம்.

11. எழுதி வைத்தலும் அடுக்கி வைத்தலும்

ஒவ்வொரு ஜோடிக்கும் குறிப்பேட்டில் ஆறு விவரங்கள் எழுதுகிறேன்: மேட்ரிக்ஸ் எண், முதல் பாடலின் உச்ச அளவு, சமன்செய்யும் முன் ஒவ்வொரு துண்டும் இருந்த எல்யுஎஃப்எஸ் அளவு, ஏபிஎக்ஸில் 16க்கு எத்தனை, டிஆர் எண், எந்தப் பதிப்பு பிடித்தது. பிடித்ததற்கான காரணத்தை ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை; மூன்று வரி தேவைப்பட்டால் நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்று பொருள்.

தோற்ற பதிப்பை உடனே விற்றுவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து வேறொரு ஹெட்ஃபோனில் ஏழாம் படியை மட்டும் மீண்டும் செய்யுங்கள். முடிவு மாறாவிட்டால் விற்கலாம், ஆனால் அதன் மூல ஃபிளாக் கோப்பையும் பதிவறிக்கையையும் வெளி வன்தட்டில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு இதே ஆல்பத்துக்கு இன்னொரு மறுவெளியீடு வந்தால், ஒப்பிட மூன்றாவது ஆள் தேவைப்படும்.

வைத்துக்கொள்ளும் சிடிகளைச் சுவரை ஒட்டிய அலமாரியில் அடுக்காதீர்கள். மழைமாதங்களில் சுவரின் ஈரம் காகித உறைக்கு ஏறிவிடும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மாதம் ஒரு முறை, வெயில் வரும் நாளில், பொட்டலங்களை மட்டும் எடுத்துக் காயவையுங்கள்.